நூற்று எண்பத்தேழாம் பக்கத்துக் கதவு

தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக அதைப் பார்க்கிற கண்கள் அவளுடையவை. காலரின் இரண்டு முனையும் ஒரே நீளமா, பொத்தானும் துளையும் நேருக்கு நேர் நிற்கின்றனவா, அக்குளில் நூல் விட்டிருக்கிறதா, பாக்கெட் கோணியிருக்கிறதா. ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. குறை கண்ட இடத்தில் நகக்கண் அளவு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும்; அரை விரல் தள்ளி ஒட்டினால் அது அவளுடைய குறை. சிவப்பு என்றால் கழிவு. மஞ்சள் என்றால் பிரித்துத் தைக்கலாம். பச்சை என்றால் போகலாம். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. நடுவில் கம்பெனி மட்டும் ஒருமுறை மாறியிருக்கிறது. வேலை நேரத்தில் மூன்று நிற ஸ்டிக்கர்களும் இடது முன்கையில் வரிசையாக ஒட்டியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கையில் கிளி உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும்.

அம்புக்காரி என்று பெயர் வைத்தவர்கள் தையல்காரர்கள். அன்பால் வைத்த பெயர் இல்லை. ஒவ்வொரு மஞ்சளுக்கும் யாராவது ஒருவர் பிரித்துத் தைக்க வேண்டுமே. "அவ கண்ணுல மண்ணைத் தூவினாலும் மண்ணுல கல் இருக்குன்னு அம்பு ஒட்டுவா" என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

அவளுக்கு வேறொரு பழக்கமும் உண்டு. நாவல் படிப்பாள். பஸ்ஸில் போகையில், சாப்பாட்டு இடைவேளையில், அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் என்று எப்போதும் ஒரு நூலகப் புத்தகம் பையில் இருக்கும். ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்த நாவலில் கதாநாயகனும் ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தான். நின்றபடியே காதலிக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பேனா. காகிதத்தை எந்தக் கையால் பிடித்தான் என்று நாவலாசிரியர் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த அலுப்பில் கையில் மிச்சமிருந்த சிவப்பு அம்பை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் ஒட்டிவிட்டாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நூலகர் கத்தினாள். "ஏம்மா, இது என்ன சட்டையா? நூலகப் புத்தகம்மா இது!"

"சட்டையா இருந்தா கிழிச்சே போட்டிருப்பேன். அம்போட விட்டேன்" என்றாள் அம்புக்காரி.

நூலகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தச் சிரிப்பில் தொடங்கிய சிநேகிதம் ஒரு மாதத்துக்குள் வாடி போடி ஆகிவிட்டது.

அந்த நாவலை அடுத்து எடுத்துப் போனவர் பணி ஓய்வு பெற்ற தபால்காரர். மூன்றே நாளில் திரும்பி வந்தார். "அம்பு ஒட்டின புத்தகம் வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். முப்பத்தோரு வருஷம் கடிதம் சுமந்தவருக்கு நாவல்களில் வருகிற கடிதங்கள் மேல் தனிக் கோபம் இருந்தது. "ஒருத்தனாவது முகவரி சரியா எழுதறானா பாருங்க. அப்புறம் எப்படிப் போய்ச் சேருதுங்கறேன்?"

இப்படித்தான் அந்த வட்டம் உண்டானது. ஞாயிறு மதியம் மூன்று மணி, நூலகத்தின் மாடி அறை, கால் ஆடுகிற மேசை, பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே நான்கு நாற்காலிகள். நான்காவது நாற்காலி பேராசிரியருடையது. கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர், ஏற்கெனவே இரண்டு நாவல் எழுதியவர். நாற்காலி போதாத நாளில் செய்தித்தாள் கட்டின் மேல் உட்காருவதற்கும் தயங்காதவர் என்பதால் அவரை எல்லோருக்கும் பிடித்தது.

வட்டத்துக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. எல்லாம் அம்புக்காரி போட்டவை. ஒரே பிரதி எல்லார் கையிலும் சுற்றி வர வேண்டும். அவரவர் அம்பில் பென்சிலால் அவரவர் முதல் எழுத்து இருக்க வேண்டும். கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை அந்த நாவலைப் பற்றி மூச்சு விடக்கூடாது. முன்னுரையை யாரும் படிக்கக்கூடாது. "எங்க அழணும் எங்க சிரிக்கணும்னு வாசல்லயே சொல்லிக்குடுக்கறதுக்கு நமக்கென்ன தலையில ஒண்ணும் இல்லையா?" என்பாள். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வது. பேராசிரியரின் பழைய நாவல் ஒன்றுக்கே அவள் பதினொரு சிவப்பு ஒட்டினாள். அதில் ஒரு பெண் சமைத்து, துவைத்து, மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கணவனிடம் தத்துவமும் பேசிவிட்டு "மலர்ந்த முகத்தோடு" படுக்கப் போனாள். "மலர்ந்த முகமா? அந்த நேரத்துல முகம் இருந்ததே பெரிசு சார்." பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை என்பதால் அவர் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்தது. மனிதர்களை அளக்க அந்த அளவுகோல் போதாது என்பது தெரிய இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். எட்டு வயது இளையவள். பழைய கம்பெனியில் தங்கைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அம்புக்காரிதான். இவள் கீழ்த்தளத்தில் சட்டை பார்ப்பாள். தங்கை இரண்டாம் மாடியில் கைப்பட்டை தைப்பாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், காலை பதினொரு மணிக்கு, முதல் மாடிப் படிக்கட்டுக்கு அடியில் குவித்திருந்த கழிவுத் துணியில் தீப் பிடித்தது. முன்படிக்கட்டு முழுக்கப் புகை. இரண்டாம் மாடிக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அதற்கு வெளியே இரும்புப் படிக்கட்டு. அந்தக் கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் துண்டுத் துணியைச் சுருட்டிப் பின்வழியாகக் கொண்டுபோய்விடுவார்களாம். சாவி தளக் கண்காணிப்பாளரின் கால்சட்டைப் பையில். கண்காணிப்பாளர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அம்புக்காரி வெளியே ஓடி வந்து, பின்பக்கம் சுற்றி, இரும்புப் படியேறினாள். பூட்டைப் பார்த்தாள். கீழே இறங்கி ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். செங்கல் உடைந்தது, பூட்டு உடையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் வேகமானது. அப்புறம் குறைந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது எதுவும் கேட்கவில்லை. ஐந்து பேர். ஐந்து பேரும் அந்தக் கதவடியில்.

விசாரணையில் எழுத்தர் அவள் சொன்னதை எழுதினார். படித்துக் காட்டச் சொன்னாள். "உடைமைகளை எடுக்கத் திரும்பிச் சென்றதால் சிக்கிக்கொண்டனர்" என்று படித்தார். "நான் இதைச் சொல்லவே இல்லையே!" என்றாள். "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார். எல்லாரும் என்றால் யார்? டீ குடித்த கண்காணிப்பாளர், அவருக்கு மேலே இருந்தவர், அவருக்கும் மேலே இருந்தவர். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். கையெழுத்து இல்லாமலே கோப்பு மூடப்பட்டது. பூட்டு கிடைக்கவில்லை என்றார்கள். அதே முதலாளி இரண்டு தெரு தள்ளி வேறு பெயரில் கம்பெனி திறந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் "விதி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். கொலைகாரனுக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டான். விதி கூலி கேட்காது, குறுக்கு விசாரணைக்கும் வராது.

இந்தக் கதையை அவள் முழுதாகச் சொன்னது இரண்டே பேரிடம். ஒருத்தி நூலகர். இன்னொருவர் பேராசிரியர்.

அவர்தான் கேட்டார். "இதை எழுதணும்மா. நீங்க சம்மதிச்சா எழுதறேன்." ஏழு ஞாயிறு, கூட்டம் முடிந்து தபால்காரர் கிளம்பிய பிறகு, அந்த ஆடுகிற மேசையில் உட்கார்ந்து சொன்னாள். அவர் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நூலகர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லத் திணறுகிற இடங்களில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவைப் பற்றிச் சொன்ன அன்று மூன்று பேரும் அழுதார்கள். எழுந்திருக்கும்போது அம்புக்காரி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பேரு வேணாம், ஊரு வேணாம், என்னைப் பத்திக்கூட ஒண்ணும் வேணாம். பூட்டை மட்டும் விட்டுடாதீங்க சார். கோப்புல இல்ல. புத்தகத்துலயாவது இருக்கட்டும்."

"பூட்டு இல்லாம கதையே இல்லம்மா" என்றார் பேராசிரியர்.

இரண்டு வருஷம் கழித்து நாவல் வந்தது. வழக்கம்போல ஒரு பிரதியை வட்டத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். யார் முதலில் படிப்பது என்று பேச்சு வந்தது.

"உன்னைக் கேட்டு எழுதினதாமே, நீதான் முதல்ல படிக்கணும்மா" என்றார் தபால்காரர். தங்கை தீ விபத்தில் போனாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"வேணாம் அண்ணே. முதல்ல நான் படிச்சா நான் ஒட்டின இடத்துலயே நீங்களும் ஒட்டுவீங்க. என் முகத்துக்காகப் பாத்ததா ஆயிடும். நீங்க ரெண்டு பேரும் படிங்க, நான் கடைசியா வாங்கிக்கறேன்."

நூலகர் எழுந்து சன்னலைச் சாத்தப் போனாள்.

புத்தகம் அம்புக்காரி கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. கம்பெனியின் பின்முற்றத்தில், துணிப் பொதியின் மேல் உட்கார்ந்து, சாப்பாட்டு இடைவேளையில் படித்தாள். முதல் நூறு பக்கம் அவளை அசத்திவிட்டது. இருநூறு இயந்திரம் ஒன்றாக ஓடி ஒன்றாக நிற்கிற அந்த ஒரு விநாடி அமைதியை மனுஷன் பிடித்திருந்தார். தங்கை சிரிக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பிடித்திருந்தார். ஒன்பது வருஷமாகத் தன் தலைக்குள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தவள் அச்செழுத்தில் சிரிப்பதைப் பார்த்து அம்புக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். பச்சைக்கு மேல் பச்சை ஒட்டினாள்.

நூற்று எண்பதில் அம்மாவுக்கு ஒரு கனவு வந்தது. வீட்டு விளக்கு தானாக அணைவதுபோல, கெட்ட சகுனமாக. அம்புக்காரி நெற்றியைச் சுருக்கினாள். அவள் அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாகத் தூக்கம் வராத நோய். தூங்கினால்தானே கனவு வரும்? மஞ்சள் ஒன்றை ஒட்டிவிட்டு மேலே போனாள். நூற்று எண்பத்து மூன்றில் தங்கைக்கு ஒரு காதலன் முளைத்திருந்தான். அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தான். பரவாயில்லை, கதைதானே என்று அதையும் பொறுத்துக்கொண்டாள்.

நூற்று எண்பத்தேழு.

"கதவு திறந்தே இருந்தது. வெளியே பகல் வெளிச்சம் ஒரு தாயைப் போலக் கைநீட்டிக் காத்திருந்தது. அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். இழுப்பறையில் அவன் கொடுத்த கடிகாரம். திரும்பினாள். விதி தன் கடைசித் தையலைப் போட்டது."

மூன்று தரம் படித்தாள். பூட்டு அடுத்த பக்கத்தில் வருமோ என்று புரட்டினாள். வரவில்லை. கடைசிப் பக்கம் வரை எங்கும் இல்லை. திரும்ப அதே பக்கத்துக்கு வந்தபோதுதான் ஓரத்தைக் கவனித்தாள். தபால்காரரின் பச்சை ஒன்று. அதற்குக் கீழே, நூலகரின் முதல் எழுத்தோடு, பக்கத்தில் பக்கமாக இரண்டு பச்சை. வட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே இடத்தில் யாரும் இரண்டு ஒட்டியதில்லை.

அன்று மதியம் அவள் கையிலிருந்து தப்பிப்போன சட்டைகளில் எத்தனை கோணல் பாக்கெட் இருந்ததோ தெரியாது.

ஞாயிறு மூன்று மணிக்கு நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நாவலை எழுதியவரே வட்டத்தில் இருந்தால், எல்லாரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக்கூடாது. பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு இருந்தார். தபால்காரர் தொடங்கினார்.

"மனசுல பட்டதைச் சொல்றேன். எத்தனையோ வீட்டுக்குச் சாவுத் தந்தி கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். வாசல்ல நின்னு பாத்திருக்கேன். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்ல. இந்தப் புத்தகத்துக்கு வந்துடுச்சு. ஒரு கடிகாரத்துக்காகத் திரும்பிப் போறா பாருங்க, பைத்தியக்காரப் பொண்ணு… ஆனா ஒரு குறை. நாற்பதாம் பக்கத்துல வர்ற கடிதத்துக்குத் தபால்தலையே ஒட்டலை."

வழக்கமாக அவர் இப்படிச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்தது நூலகர். மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நல்லா வந்திருக்கு. நூத்தி எண்பத்தேழாம் பக்கம் ரொம்ப… மனசைத் தொடுது. அவ்வளவுதான்."

"என் முறை" என்றாள் அம்புக்காரி. புத்தகத்தைப் பிரித்து மேசை நடுவில் வைத்தாள். "முதல் நூறு பக்கத்துக்குப் பச்சை ஒட்டியிருக்கேன், பாத்துக்கங்க. அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சார், கதவை யார் திறந்தது?"

பேராசிரியர் கைக்கட்டை அவிழ்த்தார். "அம்மா, ஒரு நாவல்ங்கறது…"

"நாவலைப் பத்திக் கேக்கலை. கதவைப் பத்திக் கேக்கறேன்."

"சொல்ல விடுங்க. பூட்டு இருந்தா அது ஒரு வழக்கு. ஒரு முதலாளி, ஒரு குற்றம், முடிஞ்சுது. கதவு திறந்திருந்தும் ஒருத்தி திரும்பிப் போறான்னா, அது எல்லா மனுஷங்களோட கதை. அது கலை. உங்க தங்கச்சியை நான் பெரிய உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கேன்."

"என் தங்கச்சி உயரத்துலதான் இருந்தா சார். ரெண்டாவது மாடியில. அவளுக்கு வேண்டியிருந்தது கீழ இறங்க ஒரு வழி."

"எந்தப் பூட்டு?" என்றார் தபால்காரர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"கதவு பூட்டி இருந்துச்சு அண்ணே. வெளிய. நான் செங்கல்லால அடிச்சேன். உள்ள அவ தட்டினா. இவர்கிட்ட ஏழு வாரம் சொன்னேன். இவ என் கையைப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டா." நூலகரை விரலால் சுட்டினாள். "திரும்பிப் போனாங்கன்னு சொன்னது யார் தெரியுமா? கம்பெனி. கோப்புல எழுதியிருக்கே, அதே பொய். அதையே இவர் கொஞ்சம் அழகா எழுதியிருக்காரு, கடிகாரம் வெச்சு."

"அந்த அர்த்தத்துல எழுதலை. விதிங்கறது ஒரு குறியீடு" என்றார் பேராசிரியர்.

"விதியா? பூட்டுக்கு ஒரு சாவி இருந்துச்சு. சாவி ஒரு பாக்கெட்டுல இருந்துச்சு. பாக்கெட்டுக்கு ஒரு ஆளு இருந்தான், டீ குடிச்சிக்கிட்டு. பூட்டச் சொல்லி அவனுக்கு ஒருத்தன் உத்தரவு போட்டிருந்தான். இதுல விதி எங்க வந்து நின்னுச்சு சார்? எந்தப் படியில?"

பேராசிரியரின் புன்னகை போய்விட்டது. "பதிப்பாளர் ஒத்துக்கலைம்மா" என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "யார்னு அடையாளம் தெரிஞ்சுடும், வழக்குப் போட்டுடுவாங்கன்னு பயந்தார். எனக்கும் குடும்பம் இருக்கு."

"பயமா இருக்குன்னு என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, எழுதாதீங்க சார், வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன். பயத்துக்குக் கலைன்னு பேர் வெச்சு என் தங்கச்சி தலையில கட்டாதீங்க."

அறையைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தபால்காரருக்குத் தோன்றியது. நல்ல மனசு, ஆனால் நல்ல மனசுதான் அன்றைக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்தது. "கோபப்படாதம்மா. சாருக்கு உன் மனசைப் புண்படுத்தற எண்ணம் இருக்குமா? நம்ம நூலகரம்மாவே மூணு தடவை படிச்சுத் திருத்திக் குடுத்திருக்காங்களே. முன்னுரையில போட்டிருக்காரு." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "படிக்கக்கூடாதுதான்… கை பட்டுப் புரண்டுடுச்சு."

அம்புக்காரி புத்தகத்தின் முன்பக்கத்தைப் புரட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் படித்த முதல் முன்னுரை அது. "ஓராண்டுக் காலம் என் கையெழுத்துப் பிரதியை மூன்று முறை படித்து, எது வேண்டும், எதை விடலாம் என்று தோழமையோடு எடுத்துச் சொன்ன நூலகருக்கு என் முதல் நன்றி."

ஓராண்டு. ஐம்பத்திரண்டு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் நூலகர் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த டீயைப் பாதி குடித்து, "எப்படி வருதோ நாவல், சார் வாயே திறக்கமாட்டேங்கறாரே" என்று அவளோடு சேர்ந்து ஆவலாகப் பேசிய ஓராண்டு.

"உனக்குத் தெரியுமாடி?"

நூலகர் அழத் தொடங்கினாள். "முதல் பிரதியில பூட்டு இருந்துச்சுடி. சத்தியமா. நானே படிச்சேன். அப்புறம் பதிப்பாளர் எடுக்கச் சொன்னாரு. சார் என்னைக் கேட்டாரு, அவங்ககிட்ட சொல்லிடட்டுமான்னு. நான்தான் வேண்டாம்னேன். சொன்னா நீ நிறுத்தச் சொல்லுவ. ரெண்டு வருஷமா நீ அந்தப் புத்தகத்துக்காகவே காத்துக்கிட்டு இருந்த. எப்படியாவது வந்துடட்டும், அச்சுல பாத்தா உனக்கு மனசு ஆறும்னு நெனச்சேன்."

"ரெண்டு பச்சை எதுக்குடி?"

"நீ கோபமா பாப்பேன்னு தெரியும். நாங்க எல்லாரும் நல்லா இருக்குன்னு ஒட்டியிருந்தா, நீயும் கொஞ்சம்… இறங்கி வருவேன்னு."

அம்புக்காரி புத்தகத்தை மூடினாள். பேசியபோது குரலில் கோபம் வடிந்திருந்தது. அதற்கு அடியில் இருந்தது தெரிந்தது.

"அவரு எழுத்தாளர். பயந்தாரு, விட்டுட்டாரு. நாளைக்கு வேற எழுதுவாரு. உன்கிட்ட நான் எதிர்பாத்தது என்ன தெரியுமா? ஒரு சிவப்பு. புத்தகம் மாறாது, தெரியும். அந்தப் பக்கத்துல ஒரே ஒரு சிவப்பு இருந்திருந்தா, பொய்யைப் பொய்னு பாக்க எனக்குன்னு ஒரு ஆள் இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருப்பேன். அந்த விசாரணை எழுத்தர்கூட என் கையைப் பிடிச்சிக்கிட்டுப் பொய் எழுதலைடி."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. யாரும் இறங்கி வரவில்லை.

அதற்கப்புறம் அவள் நூலகத்துக்குப் போகவில்லை. நூலகர் தபால்காரரிடம் இரண்டு முறை கடிதம் கொடுத்தனுப்பினாள். "பிரிக்காமத் திருப்பிக் குடுத்துடுங்க அண்ணே, உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள். அவர் மூன்றாவது முறை வரவில்லை. பஸ்ஸில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனாள். புத்தகம் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது.

மூன்று மாதம் கழித்து அவள் இப்போது வேலை பார்க்கிற கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு அலமாரி வந்தது. ஊழியர்களுக்குப் படிக்கும் பழக்கம் வளர வேண்டுமாம். அதில் அந்த நாவல் மட்டும் ஆறு பிரதி. அலமாரிக்கு மேலே நிர்வாகம் ஒரு அறிவிப்பையும் ஒட்டியிருந்தது: "தீப்பற்றினால் உடைமைகளைத் தேடித் திரும்பாதீர்கள்." கதவுகளைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரி இல்லை. நாவலில் இல்லாதபோது அறிவிப்பில் எப்படி இருக்கும்?

ஒரு மதியம் எதிரில் வந்து உட்கார்ந்த தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம்.

"என்னக்கா, நீங்க நிறையப் படிப்பீங்களாமே. இதைப் படிச்சீங்களா? நேத்துலேருந்து மனசே சரியில்லக்கா. அந்தப் பொண்ணு மட்டும் ஒரு நிமிஷம் திரும்பாம இருந்திருந்தா பொழச்சிருப்பால்ல? போயும் போயும் ஒரு கடிகாரத்துக்கு…"

அம்புக்காரி கையிலிருந்த சோற்று உருண்டையை டப்பாவில் திருப்பி வைத்தாள்.

"அது என் தங்கச்சி."

தையல்காரி புத்தகத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"கடிகாரம் எல்லாம் இல்ல. கதவு பூட்டி இருந்துச்சு. வெளிய பூட்டி, சாவியை ஒருத்தன் எடுத்துக்கிட்டுப் போயிருந்தான்."

"ஐயோ, இல்லக்கா" என்றாள் தையல்காரி, அவசரமாகப் புத்தகத்தைப் பிரித்து. உண்மையிலேயே உதவி செய்கிற முகத்தோடு அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து விரல் வைத்தாள். "பாருங்க, திறந்துதான் இருந்துச்சு. போட்டிருக்கே."

அம்புக்காரி அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. சொன்னாள். முழுதாக, முதலிலிருந்து, குவித்த துணியும் இரும்புப் படியும் உடைந்த செங்கல்லும் மூடிய கோப்பும் எல்லாம். மூன்றாவது முறையாக வாழ்க்கையில். தையல்காரி சாப்பிடாமல் கேட்டாள். கேட்டு முடித்துப் புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"மனசுல பட்டதைச் சொல்றேன், கோச்சுக்காதீங்கக்கா. நீங்க சொல்றதுதான் நெஜம். ஆனா இனிமே அந்தப் பொண்ணை நெனச்சா எனக்கு அவ திரும்பிப் போறதுதான் கண்ணுல வருது. படிச்சுட்டேன்ல. என்ன பண்ண?"

அம்புக்காரிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அந்த மாடி அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் இவ்வளவு நேர்மையான கருத்து ஒன்றை அவள் கேட்டதில்லை. மணி அடித்தது. கூடம் முழுக்க டப்பா மூடுகிற சத்தம்.

"நாளைக்கும் இங்கதான உக்காருவ?"

"ஆமாக்கா. எதுக்கு?"

"நாளைக்கு மறுபடி சொல்றேன். உன் தையல் லைன்ல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வா."